திண்டிவனத்து நீராவி இஞ்சினும் நான் எழுதிக் கொடுத்த சீட்டும்

1943, மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை ஏழேகாலுக்கு விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ் ஏறினேன். இருபத்து மூன்று மைல், டிக்கெட் பத்தணா. யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸின் முதுகில் கரி எரிக்கும் உருளை ஒன்றைக் கட்டிவிட்டிருந்தார்கள். அந்தப் புகையில்தான் வண்டி ஓட வேண்டும். அதற்கு மனசு வந்தால் ஓடும்.

பன்னிரண்டு மணிக்குள் நான் போய்ச் சேர்ந்தாக வேண்டும். திண்டிவனத்தில் ஒரு கடலை எண்ணெய் மில்லில் பழைய நீராவி இஞ்சின் ஒன்று நிற்கிறது. அதை ஓட்டிய சவரிமுத்து சென்ற வருஷம் எங்கள் ரயில்வே ஷெட்டுக்கு வந்தபோது எனக்குப் பழக்கமானவர். அவர் போட்டிருந்த கார்டு சட்டைப்பையில் இருந்தது: “வியாழன் மத்தியானம் பழைய இரும்பு லாரி வருது. ஒடச்சி எடுத்துக்கினு போயிடுவாங்க. ஜல்தி வரவும்.” வந்த நாளில் இருந்தபடியே இருக்கும் அசல் இஞ்சின் என்று விவரம் தெரிந்தவர் எழுதிக் கொடுத்தால் கொட்டகையிலேயே விட்டுவைப்பதாக மில் முதலாளி சொல்லியிருக்கிறாராம். நான் விழுப்புரம் ஷெட்டில் இஞ்சின் படம் வரைபவன். ஆகவே விவரம் தெரிந்தவன்!

எட்டு மணிக்கு முண்டியம்பாக்கத்தில் வண்டி இருமிவிட்டு நின்றது. கண்டக்டர் இறங்கி உருளையைக் கம்பியால் குத்த ஆரம்பித்தார்.

“எவ்வளவு நேரமாகும்?” என்றேன்.

“கரி புடிச்சிக்கினா கிளம்ப வேண்டியதுதாங்க. பேஜாரு பண்ணாதீங்க.”

கரி பிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் ஏழெட்டுத் தடவை கடிகாரத்தைப் பார்த்திருப்பேன். பக்கத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் பொறுக்கமாட்டாமல், “யாருக்கு ஒடம்பு சரியில்லீங்க?” என்று கேட்டார். ஒரு இஞ்சினுக்கு என்றேன். ஒரு பிடி வறுத்த வேர்க்கடலையை என் கையில் திணித்து, “மல்லாட்ட துன்னுங்க, கவலை ஆறும்” என்றார். தின்றேன், ஆறவில்லை.

விக்கிரவாண்டி தாண்டி இன்னும் இரண்டு இடத்தில் நின்று, பதினொன்று பத்துக்குத் திண்டிவனம் சேர்ந்தோம். ஜட்காவுக்கு நாலணா. மில் வாசலில் லாரி ஏற்கெனவே வந்து நின்றது.

சவரிமுத்து ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனார். ஆள் உயரச் சக்கரத்தோடு இஞ்சின் நின்றது. புது எண்ணெய் இஞ்சின் வந்தபிறகு மூன்று வருஷமாக இது ஓடாவிட்டாலும் ஒரு தூசு இல்லை. செய்த கம்பெனியின் பித்தளைத் தகடு பளபளவென்று மின்னியது. வருஷமும் எண்ணும் அதில்தான் இருக்கும். குனிந்து பார்த்தேன். என் முகம்தான் தெரிந்தது.

“எழுத்தெல்லாம் எங்கே?”

“வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை புளி போட்டு, செங்கப்பொடி போட்டுத் தேய்ப்பேங்க. இருவத்தெட்டு வருசம்! ஒரு வாரம் வுட்டதில்ல” என்றார் பெருமையாக.

எழுத்தும் அதோடு தேய்ந்து போயிருந்தது. இந்த மாதிரி இஞ்சினில் முக்கியமான உறுப்பு ஒவ்வொன்றிலும் ஒரே எண்ணை உளியால் அடித்திருப்பார்கள், அதைத் தேடலாம் என்றேன். பெயிண்டைச் சுரண்ட மனமில்லாமல் மண்ணெண்ணெய்த் துணியால் பிசுக்கை மட்டும் துடைத்தோம். சக்கரத்து அச்சில் 4168. சிலிண்டரில் 4168. பிஸ்டனிலிருந்து சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் நீண்ட ராடில் 4163.

சவரிமுத்துவின் முகம் சுண்டிவிட்டது. “பழைய ராடு முறிஞ்சி போச்சிங்க. இதே கம்பெனி இஞ்சினு ஒண்ணு புதுச்சேரியில ஒடச்சாங்க. அதுலேர்ந்து கொண்ணாந்து நான்தான் அரத்தால ராவி ராவிப் பொருத்தினேன்.” சட்டென்று பெட்டியைத் திறந்து ஓர் எண் உளியை எடுத்தார். “மூணுதானே? ஒரே தட்டு, எட்டாயிடும். முதலாளிக்கு இன்னா தெரியப்போவுது?”

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, ஒளிப்பானேன்! ஆனால் பொய் எண்ணோடு ஒரு இஞ்சினைக் காப்பாற்றினால் அதில் எதைத்தான் நம்புவது? உளியை அவர் கையிலிருந்து வாங்கிப் பெட்டியில் வைத்தேன். என் நேர்மையில் எனக்கே கொஞ்சம் கர்வம் உண்டாயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது முதலாளியிடம் சீட்டை நீட்டினேன்: “அமைப்பைப் பார்த்தால் அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட இஞ்சின். ராடு வேறு இஞ்சினைச் சேர்ந்தது. மற்றவை அசல்.”

அவர் இரண்டு தடவை படித்தார்.

“சரிங்க சார். சொன்ன சொல்லு சொன்னதுதான், இஞ்சினு இங்கியே இருக்கட்டும்” என்றார். நான் மூச்சு விடுவதற்குள் திரும்பி, “சவரி, அந்த ராடு நம்மளுது இல்லியாம். கழட்டி லாரியில போட்டுடுப்பா. அவங்களும் வெறுங்கையோட போவ வேணாம்” என்றார்.

“ஐயோ, அது இல்லாமல் இஞ்சின் எப்படி ஓடும்?” என்றேன்.

“ஓட எங்கங்க போவுது? அசலா இருக்கணும்னுதானே வந்தீங்க? நீங்கதானே எழுதியிருக்கீங்க?”

எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன். என் கையெழுத்தையே எனக்குக் காட்டினார். லாரிக்காரர்களைத் தொடவிடாமல் சவரிமுத்துவே மரையைக் கழற்றினார். ராடைத் துணியால் துடைத்து இரண்டு பேர் உதவியோடு லாரியில் படுக்க வைத்தார்.

மூன்று மணி பஸ்ஸுக்கு அவரே என்னைக் கொண்டுவந்து விட்டார். வண்டி கிளம்பும் சமயத்தில் ஜன்னலோரம் வந்து, “பொய்யி எழுதச் சொல்லலீங்க. நான் உளி எடுத்தது தப்புதான். பத்தொம்போது வருசமா இந்த ராடுதான் ஓட்டிச்சின்னு இன்னொரு வரி எழுதியிருக்கலாமே. அதுவும் நெசந்தானே?” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

மாலை ஆறரைக்கு விழுப்புரத்தில் இறங்கி ஷெட் வழியாக வீட்டுக்கு நடந்தேன். எங்கள் ஷெட்டில் ஒரு இஞ்சினின் சக்கரம் இன்னொன்றில் ஓடுகிறது, அதன் பாய்லர் மூன்றாவது ஒன்றிலிருந்து வந்தது. எந்தச் சாமான் எதிலிருந்து எதற்கு, எந்தத் தேதியில் மாறியது என்று நோட்டில் எழுதி வைப்பதும் என் வேலை. பதினாறு வருஷமாக எழுதுகிறேன். எதையும் வேறு இஞ்சினைச் சேர்ந்தது என்று நான் ஒரு நாளும் எழுதியதில்லை.