பிள்ளைகள் ஓட்டிவந்த மந்தை

பேய், காத்து என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பம், இந்த மாதிரிக் கதைகளுக்கு எங்கள் வீட்டில் இடமே கிடையாது. நீங்களும் நம்ப வேண்டாம், ஆனால் அந்த மத்தியானம் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் டீச்சராக இருந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மேட்டில் ஒரு நடுகல் உண்டு. கையில் வில்லோடு ஒருவன், பக்கத்தில் மாடுகள். கொள்ளைக்காரர்கள் ஓட்டிப்போன ஊர் மாடுகளை மீட்கப் போனவன் வழியிலேயே செத்தான், மாடுகளும் ஊர் திரும்பவில்லை என்பார்கள். பள்ளி ஆண்டு விழாவுக்கு அந்தக் கதையை வெளிச்சுவரில் வரையலாம் என்றேன். தாய்மார்கள் செம்மண்ணும் சுண்ணாம்பும் குழைத்துக் கொடுக்க, பிள்ளைகள் சுவர் முழுக்க மாடுகளாக வரைந்து தள்ளினார்கள். முதல் மாட்டின் மூக்கு வகுப்பறை நிலைப்படியைத் தொட்டு நின்றது. ஏன் இவ்வளவு நெருக்கி வரைந்தீர்கள் என்று கேட்டேன்.

"பாவங்க டீச்சர், எத்தன நாளைக்குத்தான் காட்டுலயே நிக்கும், உள்ள வந்துரட்டும்ங்க" என்றாள் மாதம்மாள் என்ற சிறுமி.

அன்று சனிக்கிழமை, அரை நாள் பள்ளி. பிள்ளைகள் போனதும், என் கைக்குழந்தையை வேப்பமரத்துத் தூளியில் தூங்கப் போட்டுவிட்டு, சாயச் சட்டிகளை உள்ளே வைக்கப் போனேன். வைத்துவிட்டு வாசலுக்கு வந்தால் ஏதோ என்னை முட்டி உள்ளே தள்ளியது. கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. வெயில் தெரிகிறது, மரம் தெரிகிறது, தூளி தெரிகிறது, கதவு விரியத் திறந்து கிடக்கிறது, ஆனால் என்னால் வெளியே போக முடியவில்லை. இடுப்பை உரசிக்கொண்டு சூடான உடம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வருகின்றன. துளி சத்தம் கிடையாது, சாண வாடை மட்டும். கையை நீட்டினால் ஈர மூக்கு. குனிந்து தவழப் பார்த்தேன், கால்கள், எங்கும் கால்கள். கரும்பலகையோடு என்னை வைத்து நெருக்கிவிட்டன, மூச்சு முட்டியது. வெளியே குழந்தை வீறிட்டு அழுதது. நான் சேசுவே, சேசுவே என்று கத்துகிறேன், தொண்டையில் சத்தம் வரவில்லை. அழுகை சட்டென்று நின்றது.

எவ்வளவு நேரம் ஆனதோ, மதிய உணவு சமைக்கிற சின்னத்தாயி பாத்திரம் எடுக்க வந்தாள். காலி அறைக்குள் நடப்பதுபோல நேராக நடந்து வந்தாள். ஏன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று கேட்டாள். நான் கையை மட்டும் நீட்டினேன். அவள் பிடித்து இழுக்க, அவள் நடந்த தடத்திலேயே வெளியே வந்து விழுந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால், குழந்தை விழித்துக்கொண்டு சிரிக்கிறான். காற்றே இல்லை, தூளி ஆடிக்கொண்டிருக்கிறது.

"தூளி ஆட்டிட்டிருந்தாரே, உங்க வூட்டுக்காரருங்களா? என்னப் பாத்ததும் மேட்டுப் பக்கம் போயிட்டாருங்க" என்றாள் சின்னத்தாயி.

என் கணவர் அன்று சேலத்தில் இருந்தார்.

அந்த வருடமே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் மகனுக்கு இன்று தலை நரைக்கிறது. மாட்டுக் கயிற்றைக் கையால் தொட்டவன் இல்லை. ஆனால் சில நாள் தூக்கத்தில் மாடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். யாருமே கேள்விப்படாத பெயர்கள். ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, அது வந்து சேரும்வரை காத்திருப்பதுபோலக் கொஞ்சம் நிறுத்தி, அடுத்ததைக் கூப்பிடுகிறான். கடைசிப் பெயரை மட்டும் விடியும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான்.