மிதியைக் குனிந்து பார்த்த அண்ணி

காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுத் தறிக்குழியில், காலை உள்ளே விட்டு மாறி மாறி மிதித்து நெய்ய, இரண்டு மிதிக்கட்டைகள் இருந்தன. நெய்யத் தெரிந்தவர்கள் அவற்றைக் குனிந்து பார்ப்பதில்லை. அதைக் கால் பார்த்துக்கொள்ளும். எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம், என் அண்ணி ஒவ்வொரு மிதிக்கும் குழிக்குள் குனிந்து பார்த்து நெய்ய ஆரம்பித்தாள். பத்து வருஷமாக நெய்தவள். "இன்னா அண்ணி, குழியில புதையலா இருக்குது?" என்று கேட்டுச் சிரித்தவள் நான்தான்.

"காலு எங்க இருக்குதுன்னே தெரியலமா. பார்த்தாத்தான் தெரியுது" என்றாள். எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறாள்! இன்று ஒரு நோயாளி இப்படிச் சொன்னால் எனக்குத் தூக்கிவாரிப் போடும். அன்று வீட்டில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. குழியில் உட்கார்ந்தால் எல்லோருக்கும் கால் மரத்துப்போகும், அவ்வளவுதான். "கல்யாணப் புடவை தறியில இருக்கறப்போ இவளுக்கு மட்டும் நோவு வந்துடுது" என்று அண்ணன் எரிந்து விழுந்தார்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் முதுகை எக்ஸ்ரே எடுத்தார்கள். வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள், காலேஜில் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்த நான் ஒருத்திதான். எலும்பில் கோளாறு இல்லை என்றுதான் அங்கே கொடுத்த சீட்டில் இருந்தது. நான் படித்துவிட்டு, "ஒண்ணுமே இல்லியாம்" என்றேன். என்ன மிதப்பு எனக்கு! எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், அதற்குள் ஓடும் தண்டுவடத்தைக் காட்டாது என்று எனக்கு அப்போது தெரியாது. அது தெரிந்த ஆஸ்பத்திரி டாக்டரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அன்றிலிருந்து வீட்டில் அண்ணிக்கு நடிப்புக்காரி என்று பெயர். மறுபடியும் குழியில் உட்கார வைத்தார்கள். ஐப்பசியில் அவளால் அதிலிருந்து எழவே முடியாமல் போனது. வாலாஜாபாத்தில் தாய்வீட்டில் கொண்டுபோய்ப் போட்டார்கள். படுக்கைப் புண் சீழ்பிடித்து அடுத்த வருஷமே செத்தாள்.

பிறகு நான் டாக்டரானேன். படம் பார்த்துச் சொல்வதே தொழிலானது. எம்.ஆர்.ஐ.யில் நீர் வெளுப்பாகத் தெரியும்படி எடுக்கும் படத்தில், தண்டுவடம் ஒரே சீராகச் சாம்பல் நிறத்தில் ஓட வேண்டும். நசுங்கி வீங்கிய இடம் வெளுத்துவிடும். எல்லா வெளுப்பும் ஒன்றல்ல; சிலது மீளும், சிலது மீளாது. அதனால் நசுங்கிய இடத்தில் துளி வெளுப்பைக் கண்டாலும் நோயாளியை அனுப்பிய டாக்டருக்கு உடனே போன் செய்துவிடுவேன். அண்ணிக்கு இருந்தது இதுதானா என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது.

முப்பது வருஷக் கோபத்தோடு ஒருநாள் அண்ணனிடம் வேறொரு நோயாளியின் அப்படி ஒரு படத்தை நீட்டி, "அவங்க நடிக்கலண்ணா" என்றேன். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"எனக்கு இன்னாமா தெரியும்? ஒண்ணுமே இல்லன்னு நீதானே படிச்சிச் சொன்ன?" என்றார்.