ஸ்டெல்லா அக்கா தள்ளிய நாற்காலி

செம்மண்டலத்தில் எங்கள் பூங்காவைச் சீரமைக்கும் கமிட்டியில் நானும் இருக்கிறேன். வாசலில் படிகள் மட்டும்தான். சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம் வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டவர் எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா. அவர் மகள் ஜெனிக்கு நடக்க வராது.

சாய்தளம் இன்று காலைதான் தயாரானது.

ஜெனி போன மாதம் காய்ச்சலில் இறந்துவிட்டாள்.

சாய்தளம் தயாரானதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அவரே காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பூங்காவுக்கு வந்துவிட்டார்.

"உக்காருடி. ஏறுதான்னு பாத்துடலாம்."

உட்கார்ந்தேன். பாதியிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது.

"எறங்கிடறேன்க்கா. நான் வெயிட்டு ஜாஸ்தி."

"ஆமா, அவ இவ்ளோ கனம் இல்ல. பரவால்ல, உக்காரு. பெரியவங்களுந்தான வருவாங்க?"

மேலே ஏறியதும் நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. ஊஞ்சல், சறுக்குமரம், புதிதாக வைத்த பூச்செடிகள் என்று பூங்கா முழுக்க என்னைத் தள்ளிக்கொண்டு போனார். நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பின்னால் அவர் அழுவது கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த வாட்ச்மேன் அக்கறையாக என்னைக் கேட்டார்: "கால்ல என்னம்மா அடி?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?