பதினான்காயிரம் கிலோமீட்டர்

மருந்துக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் விமான டிக்கெட் அலுவலகம். என் பக்கத்து மேசை அக்காவுடையது. ஊரில் பாதிப் பேரைக் கடல் தாண்டி அனுப்பி வைத்தவர் அவர். ஆனால் பஸ்ஸில் ஏறினாலே அவருக்கு வயிற்றைப் புரட்டும். அலுவலகத்துக்கு நடந்துதான் வருவார். "நான் வானத்துல போனா கீழ இருக்கறவங்களுக்குத்தான் ஆபத்து" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஒருநாள், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் மகனோடு வந்தார். உலகத்தின் மறுகோடியில் இருந்த மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது; பார்க்கப் பெரியவர் தனியாகக் கிளம்புகிறார். தூரம் பதினான்காயிரம் கிலோமீட்டர். நேரடி விமானம் கிடையாது. வழியில் ஒன்றரை மணி நேரத்தில் அடுத்த விமானத்தைப் பிடித்தால் பத்தொன்பது மணி நேரப் பயணம். ஐந்து மணி நேரம் காத்திருந்து மாறினால் இருபத்திரண்டுக்கு மேல்.

"ஐயாவுக்கு முட்டி வலி போல. ரெண்டாவதையே போட்டுடலாமே" என்றார் அக்கா.

"அஞ்சு மணி நேரம் கொட்டாவி விட்டுட்டு உக்காந்திருக்கணுமா? சீக்கிரம் போறதையே போடுங்க மேடம்" என்றான் மகன். பெரியவர் முட்டியை நீவிக்கொண்டார். அக்கா மேலே வற்புறுத்தாமல், டிக்கெட் உறையில் தன் கைபேசி எண்ணைப் பெரிதாக எழுதிக் கொடுத்தார்.

பயணத்தன்று காலை அக்காவின் போன் அடித்தது; பெரியவர்தான். முதல் விமானம் தாமதமாம். பெரியவர் நொண்டி நொண்டிப் போய்ச் சேர்வதற்குள் அடுத்தது கிளம்பிவிட்டதாம்.

"கதவ சாத்திட்டாங்கம்மா. என்ன சொல்றாங்கன்னே புரியல."

"பதறாதீங்கய்யா. பக்கத்துல யூனிஃபார்ம் போட்டவங்க இருந்தா போனைக் குடுங்க."

போன் கைமாறியது. அக்கா ஆங்கிலத்தில் கெஞ்சினார், நயமாகப் பேசினார், ஒரு கட்டத்தில் குரலையும் உயர்த்தினார். மாலை விமானத்தில் இடம், சாப்பாடு, படுக்க ஓர் அறை, அறை வரை போக ஒரு சக்கர நாற்காலி, எல்லாம் கிடைத்தன. நாற்காலியைப் பார்த்ததும் பெரியவர் முரண்டு பிடித்தார்.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்மா நான். என்னைப் போய்த் தள்ளிட்டுப் போறதா?"

"இத்தனை வருஷம் ஊரையே உக்கார வச்சு ஓட்டினீங்க. ஒரு நாள் உங்கள ஒருத்தர் ஓட்டட்டுமே."

அந்தப் பக்கம் பெரியவர் சிரித்துவிட்டார். "சரி, மெதுவா ஓட்டச் சொல்லும்மா."

தகவல் தெரிந்து மகன் மூச்சிரைக்க மாடியேறி வந்தான். நானாக இருந்தால் ஒரு பிடி பிடித்திருப்பேன். அக்கா அவன் பக்கம் தண்ணீரை நகர்த்தினார். "அப்பா தூங்கறார். எழுப்பிடாதீங்க" என்றார், அவ்வளவுதான்.

பெரியவர் மறுநாள் மகள் வீடு போய்ச் சேர்ந்தார். திரும்பி வரும் டிக்கெட்டுக்கு, நடுவில் நிறைய நேரம் இருக்கட்டும் என்று மகனே கேட்டு வாங்கினான்.

ஊர் திரும்பிய வாரமே, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடியேறி வந்தார் பெரியவர். வந்ததும் மகளை வீடியோவில் கூப்பிட்டு, போனை அக்காவின் கையில் வைத்தார். மகள் குழந்தையைத் தூக்கிக் காட்டி, "எங்கப்பாவ தனியா விடலையேக்கா நீங்க" என்றாள். அன்று விமான நிலையத்தையே ஒரு கை பார்த்த அக்கா, பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டது என்று என்னிடம் சொல்லிக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிரிண்டர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.