பால்மரத்து மேசை

ஈப்போவில் மரத்துக்குச் சாயம் ஏற்றுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. இதை நானேதான் சொல்லிக்கொள்கிறேன்; மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருந்தால் காலம் போய்விடும். வெளுத்த பலகை ஒன்றைக் கொடுங்கள், தேக்காக்கித் தருகிறேன். தேக்கு வியாபாரியே வந்து விலை கேட்பார்.

அந்தத் தைரியத்தில்தான் பீடோரில் அக்கா வாங்கிய புது வீட்டுக்குச் சாப்பாட்டு மேசை செய்து தருவதாக வாக்குக் கொடுத்தேன். முதலாளி எஸ்டேட்டை விற்கும்வரை அங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள் அக்கா. எங்கள் பேச்சில் அது பால்மரம். அவள் போட்டது ஒரே நிபந்தனை.

“எந்த மரம் வேணும்னாலும் போடு தம்பி. பால்மரம் மட்டும் வேணாம். அது மூஞ்சில முழிச்சது போதும்லா.”

ஆனால் சாயத்தை அதுபோல் வாங்கிக்கொள்ளும் மரம் என் பட்டறையில் வேறில்லை. அதிலேயே செய்தேன். தேக்கு வேஷம் போட்டுவிட்டால் அக்காவுக்கு என்ன தெரியப்போகிறது?

உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, கால்களுக்குச் சாயம் ஏற்றிவிட்டு, மேல்பலகையைத் தொடப்போன நேரத்தில் அக்கா உள்ளே வந்துவிட்டாள். திரைச்சீலை வாங்க ஈப்போவுக்கு வந்தவள், அப்படியே எட்டிப் பார்த்தாளாம்.

“இது என்னா மரம்?”

பொய் வாய்வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. “பால்மரம்க்கா,” என்றேன். மேசை போனால் போகிறது, புது வீட்டுக்குப் போகும் நேரத்தில் அவள் மனம் கசந்துவிடுமே என்றுதான் பயந்தேன்.

அக்கா திட்டவில்லை. பலகையில் உள்ளங்கையை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவிக்கொண்டே போனாள்.

“பால் வெட்டுறப்ப உளி உள்மரத்துல பட்டுச்சுன்னா, மேல்பார்வ பார்க்கிற மண்டோரு மானத்த வாங்கிருவாரு. மரத்துக்குக் காயமாம். தோல மட்டும்தான் சீவணும். இத்தன வருசமும் நான் தோலத்தான் பார்த்தேன் தம்பி.” பலகையை மறுபடி தடவினாள். “உள்ள இவ்ளோ அழகா இருக்கு. யாரும் சொல்லவே இல்லையே.”

சாய டப்பாவை மூடினேன். கால்களில் ஏற்றியதையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். மழை வருகிற மதியத்தில் லேக்கர் மெருகுப்பூச்சு அடித்தால் புகை படிந்ததுபோல் வெளுத்துவிடும். அதனால் மறுநாள் வெயில் ஏறியதும் நிறமில்லாத லேக்கர் மட்டும் அடித்தேன். என் சாயம் ஒரு பொட்டும் இல்லாத வேலை அது ஒன்றுதான். இன்றும் அதைத்தான் பெருமையாகச் சொல்வேன்.

குடிபோன அன்று அவள் மருமகள் பூப்போட்ட மேசைவிரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து விரித்தாள். அக்கா அதை மடித்து அவள் கையிலேயே கொடுத்தாள்.

“மூட வேணாம்லா,” என்றாள். “இப்பதான் பார்க்கிறேன்.”