முதல் விதைக்கு என் கை

விளைச்சல், மகசூல், காய்ப்பு, வெள்ளாமை. ஒலக்கூர் பக்கத்தில் நான் வாழப்போன வீட்டில் இந்தச் சொற்கள் புழங்காத நாளே கிடையாது. கல்யாணமாகி ஏழு வருடம் ஆகியும் எனக்குக் குழந்தை இல்லை. அதனால் எதைக் கேட்டாலும் என்னைக் குத்துவதாகவே தோன்றும். "உங்க மாமரம் இந்த வருஷமாவது காச்சுதா?" என்று யாராவது கேட்டால் போதும், பாத்திரத்தை நங்கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

எங்கள் ஊரில் ஆடியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும்போது முதல் பிடி விதையைப் பிள்ளை பெற்றவள்தான் போடவேண்டும். அந்த வருடம் மாமியார் விதை முறத்தை என்னிடம் நீட்டினார். பக்கத்துக் கொல்லைக்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க்கா, புள்ள பெத்தவ போட்டாதான வெளங்கும்?" என்று என் எதிரிலேயே கேட்டார்.

"காலைல எல்லாருக்கும் ஆக்கி வெச்சிட்டு விழுப்புரத்துக்கு ஆபீஸ் போய் வர்றா. இந்த வூடே இவ கையாலதான் ஓடிக்கினு கீது. வெதையும் இவளே போடட்டும்" என்றார் மாமியார்.

போட்டேன். பிள்ளை வரம் கேட்டு அலுத்துப்போன சாமியிடம் அந்த மூன்று மாதமும் மல்லாட்டைக்காகவே வேண்டினேன்.

செடி நன்றாகத்தான் வந்தது. பிடுங்கும் வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பாதிக் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிட்டது. தேறியதை மாமியார் மரக்காலால் அளந்தார். முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணமாட்டார்கள், 'லாபம்' என்பார்கள். அவரும் லாபம் என்று சத்தமாகச் சொல்லித்தான் கொட்டினார். குவியல் சீக்கிரமே தீர்ந்தது. பக்கத்துக் கொல்லைக்காரம்மா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கொல்லையிலும் பாதி முளைத்துத்தான் கிடந்தது, அதை யார் கேட்பது?

அடுத்த ஆடியில் விதை போடும் நாளன்று, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மாமியார் முறத்தோடு வாசலை மறித்து நின்றார்.

"எங்க ஓடுற?"

"வேணாம் அத்தை. போன வருஷம் பட்டது போதாதா?"

"மழை பேஞ்சதுக்கு உன் கை இன்னா பண்ணும்? இந்த பஸ் போனா அடுத்த பஸ்ஸு. கைய நீட்டும்மா."

வாசலிலேயே அழுதுவிட்டேன்.

அதன்பிறகு சில வருடம் நன்றாக விளைந்தது, சில வருடம் கெட்டது. எனக்குக் குழந்தை பிறக்கவில்லை. அந்த மனுஷிக்கு நான் இன்னும் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை, சொன்னால் திட்டுவார். ஒரு வருடம்கூட அந்த முறம் வேறு யாரிடமும் போகவில்லை.