மூக்குக்குப் போட்ட கிளேஸ்

மூக்குக்குள் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் எந்த வைரஸும் உள்ளே போகாது என்று போன மாசம் வரைக்கும் நம்பிய ஆள் நான். சும்மா இல்லை, தொழில்முறையாக நம்பினேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்து பிழைக்கிறவன். சூளையில் ஒரு தடவை சுட்ட பொம்மையை நாக்கில் வைத்தால் பச்சென்று ஒட்டும். உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை, எச்சிலை உறிஞ்சிவிடும். கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சில் முக்கி மறுபடி சுட்டால் சொட்டுத் தண்ணீர் இறங்காது. மனுஷனும் மண்தானே, எண்ணெய்தான் கிளேஸ் என்று முடிவு கட்டிவிட்டேன். “எங்க வூட்டுக்காரரு மூக்குலயே வடை சுடுவாரு” என்று என் மனைவி தெருவெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

பிரசவத்துக்கு வந்த மகளுக்குப் பையன் பிறந்தான். அவனை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே எனக்குச் சளி. மகள் சென்னையில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறவள். தும்மல் சத்தம் கேட்டதுமே அறைக்கதவைச் சாத்திவிட்டாள். மறுநாள் தொட்டில் போடுவதாக இருந்தது. பேரனை நான் அதுவரை கையில் வாங்கவில்லை.

முகக்கவசம் மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து, “எண்ணெய் தடவியும் எப்படிம்மா உள்ள வந்துது?” என்றேன்.

“அது ஓட்டை வழியா ஊறி வர்றதில்லப்பா” என்றாள் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. “கொரோனா வைரஸயே எடுத்துக்கப்பா, மேலெல்லாம் முள்ளு. நம்ம செல்லு மேல ரத்த அழுத்தத்தப் பாத்துக்கறதுக்குன்னு ஒரு பிடி இருக்குது. முள்ளு போயி அதப் புடிச்சிக்கும். அப்புறம் நம்ம செல்லுல கத்திரி மாதிரி இருக்கிற ஒரு நொதிதான் அந்த முள்ள வெட்டி விடும். வெட்டுனதும் அதோட தோலும் செல்லோட தோலும் ஒண்ணாயிடும், உள்ள இருக்கிறது எறங்கிடும்.”

“கத்திரி நம்மளுதா?”

“நம்மளுதுதான். சில சமயம் செல்லே அத அப்படியே முழுங்கி, உள்ள வெச்சு வெட்டும்.”

திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டு, அவன் சட்டையையும் கழற்றி மாட்டுகிற வீடு. எனக்குச் சளி மறந்துபோனது. எல்லாக் கொரோனாவுக்கும் அதே பிடிதானா என்று கேட்டேன். இல்லையாம். ஒட்டகத்திடமிருந்து மனுஷனுக்கு வந்த கொரோனா வேறு பிடியைப் பிடிக்குமாம். ஆனால் ஊரடங்குக் காலத்தில் வந்ததும், காலங்காலமாகச் சாதாரணச் சளி கொடுக்கிற ஒன்றும் ஒரே பிடியைத்தான் பிடிக்குமாம்.

“ஒரே வாசல்ல வந்துட்டு ஒண்ணு ஆளக் கொல்லுது, ஒண்ணு மூக்க ஒழுக வுடுது. ஏன்?”

“உள்ள வர்றது ஆரம்பந்தான். எவ்ளோ இறுக்கமாப் புடிக்குது, வந்தப்புறம் என்ன செய்யுது, நம்ம உடம்பு எப்படி எதுத்து நிக்குது, எல்லாம் இருக்குது. முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது.”

எனக்கு அதுவே போதும். எந்தப் பரிசோதனையும் இல்லாமல், எனக்கு வந்திருப்பது அந்தச் சாதுவான சளிக் கொரோனாதான் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு கதவருகே போய் நின்றேன்.

“அப்ப இது சின்னதுதானம்மா. நாளைக்கு ஒரு நிமிஷம் தூக்கிக்கிறேன்.”

“பாப்பாவும் சின்னதுதாம்ப்பா.”